பம்பை நிறுத்திய பிறகு எடுத்த சாம்பிள்

மாசடைந்த நிலத்தடி நீரைச் சுத்தம் செய்யும் வேலையில் களத்தில் நிற்பவன் நான். கண்காணிப்புக் கிணறு போடுவது, சாம்பிள் எடுப்பது, சுத்திகரிப்பு ஷெட்டைப் பார்த்துக்கொள்வது, வந்த எண்களை வரைபடத்தில் ஏற்றுவது, இதுதான் பிழைப்பு. சொன்னால் பெரும்பாலானவர்கள், "ஓ, பெரிய ஃபில்டர் வைப்பீங்களா?" என்பார்கள். வைப்போம். ஆனால் இருக்கிற வேலையில் அதுதான் சுலபம். மேலே வந்துவிட்ட தண்ணீரைச் சுத்தம் செய்வதில் பெரிய மர்மம் எதுவும் கிடையாது. மேலே வராமல் மண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் சரக்குதான் ஆளை வருடக்கணக்கில் அலைய வைக்கும்.

இது எனக்கு உறைத்த இடம் ஒரு பழைய பட்டறை வளாகம். உலோக உதிரிபாகங்களில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க அங்கே பல காலம் ட்ரைக்ளோரோஎத்திலீன் என்ற கரைப்பானைப் பயன்படுத்தியிருந்தார்கள். சுருக்கமாக டி.சி.இ. நான் போய்ச் சேர்ந்தபோது பம்ப் ஏற்கெனவே பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. நீரை இறைப்பது, காற்றோட்டக் கோபுரத்தில் விட்டு டி.சி.இ.யைப் பிரிப்பது, மிச்சத்தை மாசைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் கரியான ஆக்டிவேட்டட் கார்பனில் பிடிப்பது. பழைய அறிக்கைகளைப் புரட்டினால் முதல் சில வருடங்களில் கோடு சறுக்கிக்கொண்டு இறங்கியிருந்தது. அப்புறம் படுத்துவிட்டது. மிக மெதுவாக, ஒருவழியாக, வரம்புக்குக் கீழே வந்தது. எல்லோருக்கும் நிம்மதி. பம்பை நிறுத்தினோம். அடுத்த காலாண்டு சாம்பிளில் பெரிய மாற்றமில்லை. அதற்கடுத்ததில் ஏறத் தொடங்கியது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், அத்தனை காலம் இறைத்து இறக்கியதில் பெரும்பகுதியை நிலம் திருப்பிக் கொடுத்திருந்தது.

இது அந்த வளாகத்துக்கு மட்டும் நேர்ந்த கெட்ட காலம் இல்லை. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1994இல் வெளியிட்ட ஆய்வில், இறைத்துச் சுத்திகரிக்கும் முறை நடந்துகொண்டிருந்த 77 இடங்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 69 இடங்கள் அப்போதைக்கு இலக்கை எட்டவில்லை. பணமும் அக்கறையும் குறைந்த இடங்கள் அல்ல அவை. நிலத்தின் குணம் அப்படி.

டி.சி.இ. தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். தரையில் கொட்டினால் மண் வழியே இறங்கி, நீர்மட்டத்தைத் தொட்டதும் நிற்காமல் அதையும் துளைத்துக்கொண்டு போகும். வழியில் ஒரு களிமண் அடுக்கு குறுக்கிட்டால் அதன் மேல் பரவித் தேங்கும், அடுக்கில் சரிவிருந்தால் அந்தப் பக்கம் வழியும், விரிசல் இருந்தால் இன்னும் கீழே போகும். நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. நாம் நீரின் போக்கை வைத்துத் தேடிக்கொண்டிருப்போம், அது எதிர்த்திசையில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும்.

கணக்கைப் பார்த்தால் இன்னும் பயமாக இருக்கும். குடிநீரில் டி.சி.இ.க்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஒரு லிட்டர் டி.சி.இ.யின் எடை கிட்டத்தட்ட 1,460 கிராம். வகுத்துப் பாருங்கள்: ஒரே ஒரு லிட்டர், 29 கோடி லிட்டர் தண்ணீரை அந்த வரம்பு வரை கொண்டுபோகப் போதும். பட்டறைகளில் இதை டிரம் டிரம்மாகப் பயன்படுத்தினார்கள். வடிகாலில் ஊற்றுவதும், வெறும் தரையில் ஆவியாகட்டும் என்று விடுவதும் அந்தக் காலத்தில் யாருக்கும் தவறாகப் படவில்லை.

சரி, தேங்கிய கரைப்பானை எப்படியோ கண்டுபிடித்து எடுத்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. பல வருடம் செறிவான நீரோடு ஒட்டிக்கிடந்த களிமண்ணுக்குள் டி.சி.இ. மெல்ல ஊறிப்போயிருக்கும். பம்ப் வேகமாகக் கழுவுவது மணல் அடுக்கை மட்டும்தான். மணலில் நீர் சுத்தமானதும், களிமண் தான் குடித்ததைத் திரும்ப வெளியே விடத் தொடங்கும். சாயம் ஊறிய துணியை எத்தனை வாளி நீரில் அலசினாலும் ஒவ்வொரு வாளியிலும் கொஞ்சம் நிறம் இறங்குவது போலத்தான். ஊறுவதற்கு எத்தனை வருடம் ஆனதோ, வெளியே வர அதைவிட அதிகக் காலம் ஆகும்.

அதனால்தான் இப்போது ஒரு புது இடத்துக்குப் போனால், எவ்வளவு இறைக்கலாம் என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் கட்டடத்தின் பழைய வரைபடம் வேண்டும். வடிகால் குழாய் எங்கே போனது, தொட்டி எங்கே இருந்தது, கழிவு டிரம்களை எந்த மூலையில் அடுக்கினார்கள். அங்கே முன்பு வேலை பார்த்த யாராவது கிடைத்தால் அறிக்கைகள் எல்லாம் இரண்டாம்பட்சம். அந்தப் பட்டறையில் மாசின் மூலத்தைக் காட்டிக்கொடுத்தது ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளிதான். எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு சிறிய வடிகுழியை, "இங்கேதான் ஊத்துவோம்" என்று காலால் தரையைத் தட்டிக் காட்டினார். அங்கே தொடர்ச்சியாக மண் உருளைகளை எடுத்து, ஒரு சாண் இடைவெளியில் சோதித்தோம். மணலில் அதிகம் இல்லை. களிமண்ணின் மேல்பகுதியில் எண்கள் எகிறின.

களிமண்ணைக் கழுவ முடியாது, அதனால் சூடாக்குவது என்று முடிவானது. தரையில் மின்முனைகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். மண்ணின் மின்தடையால் மண்ணே சூடாகும். மற்ற பல முறைகளுக்கு முட்டுக்கட்டையாக நிற்கும் களிமண் இந்த முறைக்குத் தோழன். மணலைவிட மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அதுதான் முதலில் சூடேறும். டி.சி.இ. தனியாக இருந்தால் 87 டிகிரி செல்சியசில் கொதிக்கும். நீரோடு தொட்டுக்கொண்டு இருக்கும்போது 73 டிகிரி வாக்கிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். வரும் ஆவியை மேலே உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். உறிஞ்சும் ஏற்பாடு பலவீனமாக இருந்தால் ஆவி பக்கத்துக் கட்டடத்துக்குள் நுழையும், ஆகவே அதில் மட்டும் சிக்கனம் கூடாது. மின்கட்டணம் மலைக்க வைக்கும். ஆனாலும் முடிவில்லாமல் பம்ப் ஓட்டும் செலவோடு ஒப்பிட்டால், மூலம் இருக்கும் சிறிய இடத்தை மட்டும் சூடாக்குவதை நான் ஆதரிப்பேன்.

எண்ணை நம்ப வேண்டுமானால் சாம்பிளை நம்ப வேண்டும். இந்த வேலையில் நான் ரொம்பக் கறாராக இருப்பது இதில்தான். கிணற்றுக் குழாயில் நின்றுகொண்டிருக்கும் நீர் காற்றுபட்டுப் பழையதாகியிருக்கும். ஒரு வாளியை விட்டு அடித்துக் கலக்கி மொண்டெடுத்தால், அடிவண்டல் கிளம்பி உலோக அளவுகள் கூடும், ஆவியாகும் சேர்மங்கள் பறந்து குறையும். இரண்டு பக்கமும் பொய். அதனால் நீர் உள்ளே வரும் துளைப்பகுதியின் நடுவில் பம்பின் வாயை நிறுத்தி, நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர் வரை மட்டும் மெதுவாக எடுப்போம். நீர்மட்டம் இறங்காமல் பார்த்துக்கொண்டே பி.எச்., மின்கடத்துதிறன், கரைந்த ஆக்ஸிஜன், கலங்கல் எல்லாம் அடுத்தடுத்து மூன்று முறை ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை வரும் நீர் சாம்பிள் அல்ல. வெயிலில் உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கும் இந்த நேரம்தான் புதிதாக வரும் பையன்களுக்குப் பொறுக்காது.

அப்புறம் குப்பி. 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பி, உள்ளே சில சொட்டு அமிலம் ஏற்கெனவே இருக்கும். கழுவக் கூடாது. குழாயைச் சாய்த்து, சுவரோடு வழியும்படி நிரப்ப வேண்டும். வாய் வரை வந்ததும் நிறுத்தாமல், நீர் விளிம்புக்கு மேல் மெல்லக் குவிந்து நிற்கும் வரை விட்டு, மூடியை ஒரு பக்கமாகச் சரித்து மூட வேண்டும். மூடிவிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்து, விரலால் தட்டிப் பார்ப்போம். கடுகளவு குமிழி மேலேறினாலும் ஆவியாகும் சேர்மம் அதற்குள் போய்விடும். அந்தக் குப்பியை ஒதுக்கிவிட்டுப் புதுக் குப்பி எடுப்போம். நேராக ஐஸ் பெட்டிக்குள் போகும். லேப் 14 நாளுக்குள் பார்த்தாக வேண்டும். சுத்தமான நீர் நிரப்பிய ஒரு குப்பியும் போய்த் திரும்பும் வழியெல்லாம் கூடவே பயணம் செய்யும். அதில் டி.சி.இ. வந்தால் பிரச்சினை கிணற்றில் இல்லை, வண்டியிலோ லேப்பிலோ இருக்கிறது என்று அர்த்தம்.

சாம்பிள் பற்றிய கவலை ஒரு புதிய முறையையே பெற்றெடுத்திருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கில்ஹாமின் குழு, சாம்பிள் எடுக்கப் பயன்படும் குழாய்ப் பொருட்கள் அளவைப் பாதிக்கின்றனவா என்று ஆராயப்போய், சில உலோகங்களோடு தொட்டிருந்த நீரில் குளோரின் கலந்த கரைப்பான்கள் குறைவதைக் கவனித்தது. அதிலிருந்து வந்ததுதான் இரும்புத்தூள் சுவர். நீர் ஓடும் பாதைக்குக் குறுக்கே பள்ளம் வெட்டி இரும்புத்தூள் கலந்த மணலை நிரப்பிவிடுவார்கள். நீர் தன்போக்கில் அதைக் கடந்துபோகும்போது இரும்பு குளோரினைக் கழற்றிவிடும். 1991இல் போர்டன் ராணுவத் தளத்தில் களச்சோதனை நடந்தது. பம்ப் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். காலப்போக்கில் கனிமப் படிவு அடைத்துக்கொள்ளும், அடைத்தால் நீர் சுற்றிக்கொண்டு போய்விடும். அதனால் சுவரின் இரண்டு ஓரங்களிலும் கிணறு வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மாசைச் சிதைக்கும் மருந்தைத் தரைக்குள் செலுத்தும் முறைகளில் பெர்மாங்கனேட் பார்க்க அழகானது. போன இடமெல்லாம் ஊதா. ஒரு கிணற்றில் ஊதா நிறம் வந்தால் அங்கே மருந்து போய்ச் சேர்ந்துவிட்டது என்று கண்ணாலேயே தெரியும், பழுப்பானால் வினை நடந்து தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் மண்ணில் இயல்பாக இருக்கும் கரிமப் பொருளும் அதே மருந்தைத் தின்னும். மண்ணைச் சோதிக்காமல் மருந்து வாங்கினால், பாதிப் பணம் இலைமக்கை எரிக்கப் போய்விடும். இன்னொன்று, மண்ணில் குரோமியம் இருந்தால் இந்த மருந்து அதைக் கரையக்கூடிய, நச்சு மிகுந்த வடிவத்துக்கு மாற்றக்கூடும். ஒரு மாசை எரிக்கப்போய் இன்னொன்றைக் கிளப்பிவிடுகிறோமா என்று முதலிலேயே பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் பாக்டீரியா வழி. தாவர எண்ணெய், வெல்லப்பாகு, லாக்டேட் மாதிரி எதையாவது தரைக்குள் செலுத்தினால், கிருமிகள் அதைத் தின்று ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். ஆக்ஸிஜன் இல்லாத சூழலில் வேறு சில பாக்டீரியாக்கள் டி.சி.இ.யிலிருந்து குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றும். டி.சி.இ. குறைந்து டைகுளோரோஎத்திலீன் ஆகும், அது வினைல் குளோரைடு ஆகும், கடைசியில் தீங்கற்ற எத்திலீன். பிரச்சினை நடுவில் இருக்கிறது. வினைல் குளோரைடு மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானது, அதன் வரம்பு டி.சி.இ.யைவிடக் குறைவு, லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். அதைத் தாண்டி இறுதிவரை கொண்டுபோகக்கூடிய பாக்டீரியாக்கள் மிகச் சில. அவற்றில் பெயர்பெற்றது டிஹாலோகாக்காய்டிஸ். அது அந்த மண்ணில் இல்லாவிட்டால் வண்டி பாதி வழியில் நின்றுவிடும். அறிக்கையில் "டி.சி.இ. 90 சதவீதம் குறைந்தது" என்று மட்டும் போட்டிருந்தால், வினைல் குளோரைடு பத்தியை உடனே தேடுங்கள். அந்தப் பத்தியே இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். தவிர, ஆக்ஸிஜன் தீர்ந்த நீரில் இரும்பும் மாங்கனீசும் சில இடங்களில் ஆர்செனிக்கும் மண்ணிலிருந்து கரைந்து வெளியே வரும்.

பெட்ரோல் கசிந்த இடம் வேறு உலகம். பெட்ரோல் நீரைவிட லேசு, அதனால் நீர்மட்டத்தின் மேலேயே மிதக்கும். கிணற்றுக்குள் விடும் அளவுகோலில் எண்ணெய்க்கு ஒரு சத்தம், நீருக்கு ஒரு சத்தம். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் மிதக்கும் படலத்தின் தடிமன். கிணற்றில் அரை மீட்டர் எண்ணெய் நின்றால் நிலமெங்கும் அரை மீட்டர் எண்ணெய் நிற்கிறது என்று உரிமையாளர் பதறிவிடுவார். கிணறு வெற்றுக் குழாய், அதில் சேர்ந்து நிற்கும் தடிமன் மண்ணில் இருப்பதைவிடப் பெரும்பாலும் அதிகமாகவே காட்டும். நீர்மட்டம் ஏறி இறங்கும்போது அதுவும் மாறும். ஒரு நாள் அளவை வைத்துக் கொள்ளளவு கணக்குப் போடும் ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பெட்ரோலில் ஆபத்தானது பென்சீன். நல்லவேளையாக மண்ணிலுள்ள பாக்டீரியாக்களுக்குப் பென்சீனைத் தின்னத் தெரியும், குறிப்பாக ஆக்ஸிஜன் கிடைத்தால். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் பெமிஜிக்கு அருகே 1979இல் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்த இடத்தை அந்நாட்டு நிலவியல் ஆய்வகம் பல பத்தாண்டுகளாகப் படித்துவருகிறது. எண்ணெய் இன்னும் அங்கே கிடக்கிறது. ஆனால் நீரில் கரைந்த மாசு, நீர் ஓடும் வேகத்துக்குப் பரவியிருக்க வேண்டிய தூரத்தைவிடக் குறைவாகவே பரவியிருக்கிறது. கிருமிகள் தின்று நிறுத்திவைத்திருக்கின்றன. இதை நம்பி "தானாகச் சரியாகும்" என்று உட்காருவதும் ஒரு முறைதான், ஆனால் ஆதாரத்தோடு உட்கார வேண்டும். கரைந்த ஆக்ஸிஜன், நைட்ரேட், சல்ஃபேட் குறைகிறதா, இரும்பும் மீத்தேனும் கூடுகிறதா, ஓரத்துக் கிணறுகளில் எண் நிலையாக இருக்கிறதா. இதெல்லாம் இல்லாமல் காத்திருப்பதற்குப் பெயர் தட்டிக்கழிப்பது. பெட்ரோலில் அது நன்றாக எரியச் சேர்க்கும் எம்.டி.பி.இ. என்ற வேதிப்பொருள் கலந்திருந்தால் அந்தத் தைரியமும் வேண்டாம். அது நீரில் நன்றாகக் கரையும், மண்ணில் ஒட்டாது, சிதைவதும் மெதுவாகத்தான். எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான் ஓடும்.

ஷெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. திட்ட அறிக்கையில் டி.சி.இ.க்குப் பக்கம் பக்கமாகக் கணக்கு இருக்கும், நடைமுறையில் கோபுரத்தை நிறுத்துவது இரும்பு. ஆழத்திலிருந்து தெளிவாக வரும் நீர் காற்றைப் பார்த்ததும் ஆரஞ்சு நிறச் சேறாக மாறித் தட்டுகளை அடைத்துவிடும். நான் அங்கே துடைத்த நேரத்தில் பாதியை இரும்புதான் தின்றது. கார்பன் தொட்டிகள் எப்போதும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்க வேண்டும், நடுவில் ஒரு சாம்பிள் குழாய். முதல் தொட்டி நிரம்பி மாசை விடத் தொடங்கியதும் இரண்டாவது பிடித்துக்கொள்ளும். அப்போது முதலாவதில் கார்பனை மாற்றி அதைக் கடைசிக்கு அனுப்ப வேண்டும். ஒரே தொட்டி வைத்து, கடைசியில் வரும் நீரை மட்டும் மாதமொருமுறை பார்ப்பவர்களுக்கு, தொட்டி எப்போது தீர்ந்தது என்பது தீர்ந்த பிறகுதான் தெரியும்.

மாசுப் பகுதிக்குப் பக்கத்தில் சொந்தக் கிணறு வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது வேறு விஷயம். தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது, கொதிக்க வைத்தால் போதாதா? கொதிக்க வைப்பது கிருமிக்கு. நைட்ரேட்டோ ஆர்செனிக்கோ இருந்தால் நீர் வற்ற வற்ற அவை இன்னும் செறியும். டி.சி.இ. இருந்தால் அது நீரைவிட்டு அடுக்களைக் காற்றுக்குப் போகும், சூடான ஷவரிலும் அப்படியே. சோதனைக்குக் கொடுக்கும்போது "குடிநீர் சோதனை" என்று மொட்டையாகக் கொடுத்தால் கடினத்தன்மை, பி.எச்., கிருமி என்று வழக்கமான பட்டியல்தான் வரும். பக்கத்தில் என்ன இருந்தது என்று சொல்லி, அதற்குரிய சேர்மங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பட்டறையோ டிரை கிளீனிங்கோ இருந்தால் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள், பயிர்நிலமும் கழிவுநீர்த் தொட்டியும் என்றால் நைட்ரேட், தீயணைப்பு நுரை பயன்படுத்திய இடமென்றால் பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் ஃப்ளூரின் கலந்த சேர்மங்கள். இந்தக் கடைசி வகைக்கு அளவே வேறு. 2024இல் அமெரிக்கா இந்த வகையைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். இரண்டுக்கும் வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். சாதாரண லேப்பின் கருவி அந்த அளவுக்கு இறங்காது, ஆகவே "கண்டறியப்படவில்லை" என்று வந்தால் எந்த அளவு வரை பார்த்தார்கள் என்று கேட்காமல் விடாதீர்கள்.

இன்னொன்றையும் அவர்களிடம் சொல்வேன். மாசுக்குப் பக்கத்தில் இருக்கும் கிணற்றில் தோட்டத்துக்கென்று நாள் முழுக்க மோட்டார் ஓட்டினால், நீரோடு மாசையும் நம் பக்கம் இழுக்கிறோம். மணலில் நிலத்தடி நீர் தன்போக்கில் ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை நகர்வது சாதாரணம், பம்ப் ஓடினால் அந்தக் கணக்கு மாறிவிடும். பயன்படாத பழைய கிணறு இருந்தால் வாயில் பலகை போட்டு மூடினால் போதாது. மேலடுக்கிலுள்ள மாசு ஆழத்து நீருக்கு இறங்க அந்தக் குழாய் ஒரு நேர்வழி. அடியிலிருந்து மேல்வரை சிமெண்ட் அல்லது பென்டோனைட் என்ற, நீர் பட்டால் உப்பும் களிமண் கலவையைக் குழாய் மூலம் இறக்கி அடைக்க வேண்டும், மேலிருந்து கொட்டினால் நடுவில் பாலம் கட்டிக்கொண்டு கீழே வெற்றிடம் நிற்கும். பட்டறை வளாகத்தில் வேலை முடியும் கட்டத்தில் எங்கள் கண்காணிப்புக் கிணறுகளையும் அப்படித்தான் அடைத்தோம், மூலம் இருந்த இடத்திலிருந்து நீர் ஓடும் திசையில் இருக்கும் இரண்டைத் தவிர. அவற்றில் இன்னும் சாம்பிள் எடுக்கிறோம்.